கர்ப்பிணிக்கு நானோ மருந்து கொடுத்தால் குழந்தைக்குப் போகாதா?

9 ஜூன் 2025, செம்பூர் வாசகர்

மனைவிக்கு நாலாம் மாதம். கல்லூரி நாளிலிருந்தே ஃபிட்ஸ் இருக்கிறது, வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள். அது குழந்தையின் மூளையைப் பாதிக்கும் என்று படித்ததிலிருந்து இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. நானோ மருந்தாகக் கொடுத்தால் அம்மாவோடு நின்றுவிடும், குழந்தைக்குப் போகாது என்று குடும்ப வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. மும்பையில் எங்கே கிடைக்கும்? அது கிடைக்கும்வரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா?

9 ஜூன், இரவு

நிறுத்தாதீர்கள். இன்று ராத்திரி மாத்திரையும் நாளைக் காலை மாத்திரையும் வழக்கம்போலப் போகட்டும். நாளைக்கே நியூராலஜிஸ்ட்டையும் பிரசவ டாக்டரையும் பாருங்கள், அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசும்படி செய்யுங்கள். வால்ப்ரோயேட்டை மாற்ற வேண்டிய நிலைமைதான். ஆனால் டாக்டர் மேற்பார்வையில் மாற்றுவது வேறு, வீட்டில் முடிவெடுத்து விட்டுவிடுவது வேறு.

நான் சயான் பக்கம் ஒரு மருத்துவமனையில் பார்மசிஸ்ட். மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் சொன்னார்கள் என்று மாத்திரையை விட்டுவிட்டு, நடுராத்திரியில் ஃபிட்ஸ் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வயிற்றில் அடிபட்டு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சில நிமிஷங்களில் அம்மாவுக்கு ஆக்சிஜன் குறைந்தால் குழந்தைக்கும் குறையும்.

நீங்கள் தேடும் நானோ வால்ப்ரோயேட், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகளுக்குள் அடைத்த வால்ப்ரோயேட், கர்ப்பிணிகளுக்கென்று எந்தக் கடையிலும் இல்லை. ஏன் இல்லை என்பதை நாளை எழுதுகிறேன், அது தனிக் கதை.

10 ஜூன்

நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. பிரசவத்தின்போது அதன் எடை சுமார் அரை கிலோ. உள்ளே கிளை கிளையாகப் பிரிந்த மெல்லிய விரல்கள் அம்மாவின் இரத்தத்தில் அமிழ்ந்து கிடக்கின்றன. அவற்றை விரித்தால் 10 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வரும். அந்தப் பரப்பு முழுவதையும் மூடியிருப்பது ஒரே ஒரு படலம், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் எல்லையே இல்லாமல் ஒன்றாகக் கலந்த படலம். மாதம் ஏற ஏற அது மெலிந்துகொண்டே போகும், ஏனென்றால் குழந்தையின் பசி கூடிக்கொண்டே போகிறது. கொடுப்பதற்கென்று உண்டான உறுப்பு அது.

மருந்து விஷயத்தில் பொதுக் கணக்கு இது: 500 டால்டனுக்குக் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) கீழே எடையுள்ள, கொழுப்பில் கரையும் மூலக்கூறு பெரும்பாலும் தாண்டிவிடும். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் இரண்டு மருந்துகளைப் பாருங்கள். வார்ஃபரின் மாத்திரை 308, தாண்டும். ஹெப்பாரின் ஆயிரக்கணக்கில் எடை, மின்னூட்டமும் அதிகம், தாண்டாது. இதய வால்வு மாற்றிய பெண்களுக்கு முதல் மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்தி ஹெப்பாரின் ஊசி போடுவதன் காரணம் இதுதான். இன்சுலினும் தாண்டுவதில்லை என்றே சொல்லலாம்.

வால்ப்ரோயேட் 144 டால்டன். தாண்டுவதோடு நிற்காமல் தொப்புள்கொடி இரத்தத்தில் அம்மாவின் இரத்தத்தைவிட அதிக அளவில் சேரவும் செய்கிறது. வால்ப்ரோயேட் எடுத்த அம்மாக்களின் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்குப் பெரிய உறுப்புக் குறைபாடுகள் வருகின்றன, 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கற்றல், வளர்ச்சியில் சிக்கல் வருகிறது. முதுகுத்தண்டுக் குழாய் மூடும் காலம் கரு உண்டாகி 28 நாளுக்குள் முடிந்துவிடும். மூளை வளர்ச்சி கடைசி வரை நடக்கும். அதனால் நாலாம் மாதம் ஆகிவிட்டது, இனி என்ன என்று விட்டுவிடவும் கூடாது.

10 ஜூன், சற்று நேரம் கழித்து

'இது டி கேட்டகிரி, அது சி கேட்டகிரி' என்று ஒருவர் கீழே பட்டியல் போட்டிருக்கிறார். கர்ப்பத்தில் மருந்தின் ஆபத்தை எழுத்தால் தரம் பிரிக்கும் அந்த முறையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-இலேயே புதிய மருந்துகளின் லேபிளிலிருந்து எடுக்கத் தொடங்கிவிட்டது. ஒரே எழுத்துக்குள் உண்மையிலேயே கெடுதல் செய்யும் மருந்தும், யாரும் சோதித்துப் பார்க்காத மருந்தும் சேர்ந்து கிடந்தன. அதைப் பார்த்து வீட்டில் முடிவெடுக்க வேண்டாம்.

12 ஜூன்

இப்போது நானோ.

லிபோசோம் என்பது கொழுப்பால் ஆன நுண்ணிய உருண்டை, குறுக்களவு பெரும்பாலும் 100 நானோ மீட்டர் அக்கம்பக்கம் (ஒரு மில்லி மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோ மீட்டர்). கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்: மேல்மாவு கொழுப்பு, பூரணம் மருந்து. 1995-இல் டாக்சில் என்ற புற்றுநோய் மருந்து இந்த வடிவில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதிலுள்ள டாக்சோரூபிசின் இதயத்தைத் தாக்கும். லிபோசோமுக்குள் அடைத்தபோது அந்தத் தாக்குதல் குறைந்தது. அதே யோசனையைக் கர்ப்பத்துக்கும் கொண்டுவரலாமே என்பதுதான் இந்தத் துறையின் தொடக்கம்.

வீடியோ சொல்வதில் பாதி சரி. உருண்டை பெரிதாக இருந்தால் நஞ்சுக்கொடியை அவ்வளவு எளிதில் தாண்டாது. சொல்லாமல் விட்ட பாதிதான் முக்கியம். உருண்டை நின்றுவிடும், பூரணம் நிற்குமா?

வால்ப்ரோயேட் வேலை செய்ய வேண்டிய இடம் அம்மாவின் மூளை. அங்கே போக வேண்டுமென்றால் மருந்து துகளை விட்டு வெளியே வந்து இரத்தத்தில் கலந்தாக வேண்டும். மாதக்கணக்கில் ராத்திரி பகலாக அந்த அளவு இரத்தத்தில் இருந்தாக வேண்டும். வெளியே வந்த நொடியிலிருந்து அது பழைய 144 டால்டன் மூலக்கூறுதான், எதில் ஏறி வந்தது என்று நஞ்சுக்கொடிக்குத் தெரியாது. துகளே நேராக மூளைக்குள் போய்ப் பிரியட்டும் என்று கேட்டால், மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு நஞ்சுக்கொடியைவிடக் கெடுபிடியானது.

அதனால் எந்த நானோ மருந்தைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது, துகள் எங்கே பிரிகிறது என்பதுதான். துகளே போய்ச் சேரக்கூடிய இடத்தில் மருந்துக்கு வேலை இருந்தால் பலன் உண்டு. மருந்து இரத்தம் முழுக்கப் பரவினால்தான் வேலை நடக்கும் என்றால் நானோ என்ற பெயரால் குழந்தைக்குப் பாதுகாப்பு வந்துவிடாது.

13 ஜூன்

'கர்ப்பிணிக்கு இதுவரை யாரும் நானோ மருந்து கொடுத்ததே இல்லை, எல்லாம் எலியோடு சரி' என்கிறார் தாராவி வாசகர். இல்லை. உங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர் போட்டுக்கொண்டிருப்பார்கள். இரும்புச்சத்து டிரிப்ஸ்.

அயர்ன் சுக்ரோஸ் ஆம்பூலைக் கையில் எடுத்துப் பாருங்கள். காபி டிகாக்‌ஷன் நிறம். 5 மில்லியில் 100 மில்லிகிராம் இரும்பு. நடுவில் இரும்பு ஆக்சைடுக் கரு, அதைச் சுற்றி சர்க்கரைப் போர்வை, அளவு சில நானோ மீட்டர். சலைனில் விட்டதும் அடியில் பழுப்பு நூல் நூலாக இறங்கி, பாட்டிலைத் தலைகீழாக ஒரு தடவை திருப்பியதும் முழுக்கப் பரவிவிடும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இதில் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள், ஹீமோகுளோபின் ரொம்பக் கீழே போனவர்கள், பிரசவம் நெருங்கிவிட்டவர்கள் இந்த டிரிப்ஸுக்கு வருவார்கள்.

எங்கள் வார்டில் ஏழாம் மாதப் பெண் ஒருத்தி. அம்பாசமுத்திரத்துப் பேச்சு, கல்யாணமாகி மும்பைக்கு வந்தவள். கையில் ஊசியை ஏற்றி டேப் ஒட்டி முடித்ததும் குழாயில் இறங்கும் பழுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இந்தக் கலரு பிள்ளைக்குப் போயிருமா?"

போகாது என்றேன். நான் அங்கே நின்றே விளக்கினேன், இங்கேயும் விளக்குகிறேன். துகளை அம்மாவின் கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கும் துப்புரவு செல்கள் விழுங்கிவிடும். அங்கேதான் அது பிரிகிறது. வெளியே வரும் இரும்பு, டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் ஏறி நஞ்சுக்கொடிக்கு வரும். நஞ்சுக்கொடி குழந்தைக்கு வேண்டிய இரும்பைத் தானே எடுத்துக் கொடுக்கும். துகள் அம்மாவிடம், சத்து இருவரிடமும். அவள் சிஸ்டரைக் கூப்பிட்டு, "கலரு போவாதாம், சத்து மட்டுந்தான் போவுமாம்" என்று பக்கத்துக் கட்டில்காரிக்கும் கேட்கும்படி சொன்னாள்.

முதல் மூன்று மாதத்தில் இந்த டிரிப்ஸ் போடுவதில்லை, அதன் பிறகுதான். ஒவ்வாமை வரலாம் என்பதால் போட்டு முடித்ததும் அரை மணி நேரம் உட்கார வைப்போம். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து ஓடாதீர்கள்.

17 ஜூன்

இன்னொன்று ஞாபகம் வந்தது, இதே விதிக்குள் வருகிறது.

2021-இல் கறுப்புப் பூஞ்சை வந்தபோது மும்பை முழுக்க ஜனங்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு லிபோசோமல் ஆம்ஃபோடெரிசினுக்கு அலைந்தார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் என் போன் அடிக்கும். சாதா ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், கொழுப்பு உருண்டைக்குள் அடைத்தது அவ்வளவு செய்யாது. மஞ்சள் பொடியாக வரும் அதைச் சலைனில் கலந்தால் திரிந்துவிடும், டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். இந்தியாவிலேயே ஒரு லிபோசோமல் ஆம்ஃபோடெரிசின் உண்டாக்கினார்கள். டில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பச்சாவத் குழுவோடு நம் பரேல் கே.இ.எம். மருத்துவமனைக்கும் அதில் பங்கு உண்டு.

கர்ப்பத்துக்கு வருகிறேன். பீகார்ப் பக்கம் காலா அசார் என்று ஒட்டுண்ணியால் வரும் ஒரு நோய். அதற்கு மில்டெஃபோசின் என்ற மாத்திரை இருக்கிறது, கருவைப் பாதிக்கும், கர்ப்பிணிக்குக் கூடாது. அவர்களுக்குக் கொடுப்பது லிபோசோமல் ஆம்ஃபோடெரிசின். அந்த ஒட்டுண்ணி ஒளிந்திருப்பது அம்மாவின் கல்லீரல், மண்ணீரல், மஜ்ஜையிலுள்ள துப்புரவு செல்களுக்குள்தான். லிபோசோமை விழுங்குவதும் அதே செல்கள்தான். துகள் பிரியும் இடமும் நோய் இருக்கும் இடமும் ஒன்று. இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

18 ஜூன்

கோவிட் தடுப்பூசியிலும் நானோ துகள்தானே, அதைக் கர்ப்பிணிகள் போட்டுக்கொண்டார்களே என்று கேட்டவருக்கு: 2021 ஜூலையில் இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு அனுமதித்தபோது இங்கே போட்ட கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் கொழுப்பு நானோ துகள் கிடையாது. ஃபைசர், மாடர்னாவில் உண்டு. அவற்றை மற்ற நாடுகளில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் போட்டுக்கொண்டார்கள், கருச்சிதைவு கூடவில்லை என்று பெரிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின.

20 ஜூன்

செம்பூர் வாசகர் தகவல் தந்திருக்கிறார். நியூராலஜிஸ்ட் வால்ப்ரோயேட்டைப் படிப்படியாகக் குறைத்து லெவெடிரசெட்டம் என்ற வேறொரு ஃபிட்ஸ் மருந்தை ஏற்றுகிறார், ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் தொடர்கிறது, குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. நல்லது, மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

ஒன்று சேர்க்கிறேன். கர்ப்பம் வளர வளர லெவெடிரசெட்டத்தின் அளவு இரத்தத்தில் குறையும், சிறுநீரகம் வேகமாக வெளியேற்றிவிடும். டாக்டர் டோஸைக் கூட்டினால் பயப்படாதீர்கள். பிரசவம் ஆனதும் திரும்பக் குறைக்க வேண்டியிருக்கும், அதை அப்போது ஞாபகப்படுத்துங்கள். வாயும் வயிறுமாய் இருக்கும் பெண்ணுக்கு டோஸ் ஏறுகிறதே என்று வீட்டில் யாராவது பாதியை ஒளித்து வைத்துவிடுவார்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.

22 ஜூன்

ஆய்வகங்களில் என்ன நடக்கிறது என்று கேட்டவர்களுக்கு.

மருந்து யாருக்கு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கா, நஞ்சுக்கொடிக்கா, குழந்தைக்கா? எட்டாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் குழந்தையின் நுரையீரலுக்காக அம்மாவுக்கு பீட்டாமெத்தசோன் ஊசி போடுகிறோம், அது தாண்டிப் போகத்தான் வேண்டும். அம்மாவின் மூட்டுவலிக்கு அதே குடும்பத்து ப்ரெட்னிசோலோன் கொடுக்கிறோம், அதில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்துவிடும். எந்த நானோவும் இல்லாமலே மருந்துத் தேர்வால் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

கருப்பைக்கான முயற்சி: இண்டோமெத்தசின் குறைமாதப் பிரசவ வலியைத் தள்ளிப்போடும், ஆனால் குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்திலுள்ள ஓர் இரத்தக்குழாயை முன்கூட்டியே மூடிவிடும், பனிக்குட நீரையும் குறைக்கும். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் ஆய்வாளர்கள் அதை லிபோசோமில் அடைத்து, மேலே, பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் வந்து ஒட்டும் ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை ஒட்டினார்கள். கர்ப்பக் கடைசியில் கருப்பைத் தசையில் அந்த ஏற்பி குவிந்திருக்கும். எலிகளில் குறைமாதப் பிரசவம் குறைந்தது, 2017-இல் வெளியிட்டார்கள். துகள் பிரியும் இடம் கருப்பைத் தசை, அதனால் இதில் எனக்கு நம்பிக்கை உண்டு.

நஞ்சுக்கொடிக்கான முயற்சிதான் என்னை அதிகம் ஈர்ப்பது. ப்ரீ எக்ளாம்ப்சியா என்னும் கர்ப்பகால இரத்தக்கொதிப்பு தொடங்கும் இடமே நஞ்சுக்கொடி. அங்கிருந்து வரும் ஒரு புரதம், இரத்தக்குழாய் வளர்ச்சிக்கு வேண்டிய விஇஜிஎஃப் என்பதைப் பிடித்து முடக்கிவிடுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 98 வகைக் கொழுப்புத் துகள்களை எலிகளில் சோதித்து நஞ்சுக்கொடியில் போய்ச் சேரும் ஒன்றைப் பிடித்தார்கள். அதில் விஇஜிஎஃப் செய்யச் சொல்லும் எம்.ஆர்.என்.ஏ. வைத்துக் கொடுத்தபோது, ஒரே ஊசியில் தாய் எலியின் இரத்த அழுத்தம் கர்ப்பம் முடியும்வரை இறங்கியிருந்தது. 2024 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்தது.

மலேரியாவிடமிருந்து கற்றதும் ஒன்று உண்டு. கர்ப்பிணிக்கு ஃபால்சிபாரம் மலேரியா வந்தால் கிருமி ஏறிய சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவைக்கும் புரதத்தின் பெயர் வார்2சிஎஸ்ஏ. அந்தப் புரதத்தின் ஒரு துண்டைத் துகளின் மேல் ஒட்டி, துகளை நஞ்சுக்கொடிக்கு அனுப்பிப் பார்க்கிறார்கள்.

நம் ஓ.பி.டி.யில் இன்றைக்கு இருப்பது ஆஸ்பிரின்தான். ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு முதல் மூன்று மாதம் முடியும் சமயத்தில் தொடங்கி தினம் ராத்திரி 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீ எக்ளாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது என்று 2017-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. விலை சில ரூபாய். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அதை விடாமல் போடுங்கள்.

24 ஜூன்

12-ஆம் தேதி 'அவ்வளவு எளிதில் தாண்டாது' என்று எழுதியதை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் 2010-இல் ஓர் ஆய்வு. பிரசவம் ஆனதும் வந்த மனித நஞ்சுக்கொடியைக் குழாய்களில் இணைத்து இரத்த ஓட்டம் கொடுத்து, பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் துகள்களை விட்டுப் பார்த்தார்கள். 240 நானோ மீட்டர் வரை உள்ளவை தாண்டின. அதற்கு முன்பே பின்லாந்துக்காரர்கள் அதே முறையில் 10 முதல் 30 நானோ மீட்டர் தங்கத் துகளை விட்டபோது, பி.இ.ஜி. என்ற பாலிமரைப் போர்த்திய அந்தத் துகள் தாண்டவில்லை. சின்னது நின்றது, பெரியது போனது. ஆக, அளவு மட்டும் போதாது. எதனால் ஆனது, மேலே என்ன போர்த்தியிருக்கிறது, என்ன மின்னூட்டம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு.

தாண்டாமலேயே கெடுதல் செய்யவும் வழி இருக்கிறது. துகள் நஞ்சுக்கொடியிலேயே தங்கி அதன் வேலையைக் கெடுக்கலாம். ஜப்பானில் 2011-இல் கர்ப்ப எலிகளுக்கு 70 நானோ மீட்டர் சிலிக்காவையும் 35 நானோ மீட்டர் டைட்டானியம் டை ஆக்சைடையும் செலுத்தியபோது குட்டிகள் சிறுத்துப் பிறந்தன. பெரிய சிலிக்காத் துகளுக்கு அப்படி ஆகவில்லை.

எலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் கர்ப்பம் மூன்று வாரம். அதன் நஞ்சுக்கொடியில் தாய்க்கும் குட்டிக்கும் நடுவே மூன்று படலம், நமக்கு ஒன்று. எலியில் நின்ற துகள் நம்மிடம் நிற்கும் என்று யாராலும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

29 ஜூன்

'பிறகு ஏன் பெண்களிடம் சோதித்துப் பார்ப்பதில்லை' என்று டில்லி முனிர்காவிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். சில நாள் யோசித்தேன்.

தூக்கத்துக்கும் மசக்கை வாந்திக்கும் கொடுத்த தாலிடமைட் என்ற மருந்து 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது, 1961 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. அதிகாரி ஃபிரான்சஸ் கெல்சி, சான்று போதாது என்று சொல்லி அனுமதி தராமல் நிறுத்தி வைத்தார். சான்று கேட்க வேண்டும் என்பதே அவரிடம் கற்க வேண்டியது. உலகம் எடுத்துக்கொண்டதோ கர்ப்பிணியை ஆய்வுக்குள் சேர்க்காதே என்பதை. நம் நாட்டு விதிகளிலும், கர்ப்பிணிக்கென்றே உள்ள மருந்தாக இருந்து, மற்றப் பெண்களிடம் கிடைக்கும் தகவல் பொருந்தாதபோது மட்டும் சேர்க்கலாம் என்றுதான் இருக்கிறது.

விளைவு என்ன? ஆய்வில் சேர்க்காததால் கர்ப்பிணிகள் மருந்து சாப்பிடாமல் இருந்துவிடவில்லை. ஃபிட்ஸும் லூபஸும் சர்க்கரையும் இருக்கும் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாக ஒரு பரிசோதனை நடத்துகிறாள், அதை யாரும் எழுதி வைப்பதில்லை. இது எனக்குக் கோபம் தருகிறது.

எழுதி வைத்த இடம் ஒன்று உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் 1998-இலிருந்து வலிப்பு நோயும் கர்ப்பமும் சேர்ந்த பெண்களுக்கு ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு, குழந்தை எப்படிப் பிறந்தது, பிறகு எப்படி வளர்ந்தது என்று. செம்பூர் வாசகரின் மனைவிக்கு இன்று மருந்தை மாற்றச் சொல்ல முடிகிறதென்றால் இப்படிப்பட்ட பதிவேடுகளால்தான். நானோ மருந்து எது வந்தாலும் முதல் நாளிலிருந்தே இப்படி ஒரு பதிவேடு கூடவே வர வேண்டும், அம்மாவை மட்டுமல்ல குழந்தையைப் பள்ளிக்கூடம் வரைக்கும் பின்தொடர வேண்டும்.

6 ஜூலை

மாட்டுங்காவிலிருந்து வந்த கேள்வி. ஆன்லைனில் நானோ கர்குமின் டப்பா ஒன்றும், டாக்டர் எழுதிய லிபோசோமல் இரும்பு மாத்திரை ஒன்றும் வீட்டில் இருக்கின்றன, மகளுக்கு மூன்றாம் மாதம், இரண்டையும் கொடுக்கலாமா என்று.

லிபோசோமல் இரும்பின் உறை அம்மாவின் உடலிலேயே பிரிந்துவிடுகிறது. அதன் பிறகு கீரையில் வந்த இரும்பும் இதுவும் இரத்தத்துக்கு ஒன்றுதான். வயிற்றைப் புரட்டாமல் இருக்கத்தான் அந்த உறை. டாக்டர் சொன்ன அளவில் கொடுங்கள்.

நானோ கர்குமின் வேறு. ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சளில் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். நானோ ஆக்குவதன் நோக்கமே அதை இரத்தத்தில் பல மடங்கு ஏற்றுவது. கர்குமின் 368 டால்டன், மூன்றாம் மாதத்தில் குழந்தைக்கு உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. கொடுக்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் காட்டுங்கள். சமையலுக்கு மஞ்சள் எப்போதும்போல் போடலாம்.